சின்ன வயசுல முரட்டுத்தனம் பண்ற பையன் பெருசானா கிரிமினல் ஆயிடுவானா?

செல்வி_திருச்சி:
என் தங்கச்சி பையனுக்கு 9 வயசு. யூகேஜிலருந்தே அடிதடி, வாயத் தொறந்தா பொய், போன மாசம் கிளாஸ்ல ஒரு பொண்ணு காச எடுத்துட்டு பழிய பக்கத்து பெஞ்சுப் பையன் மேல போட்டுட்டான். டாக்டர் சீட்டுல காண்டக்ட் டிஸ்ஆர்டர்னு எழுதிருக்கார், அடிதடி, பொய், திருட்டுன்னு தொடர்ந்து பண்ற நடத்தைக் கோளாறாம். தங்கச்சி மாமனார் "இவன் ஜெயிலுக்குத்தான் போவான்"னு அவன் காதுபடவே சொல்றாரு. நெஜமாவே அப்படித்தான் ஆகுமா?

ராஜா_கோவை:
தெரிஞ்ச ஏட்டு யாராச்சும் இருந்தா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் லாக்கப்ப காட்டுங்க, பய அடங்கிருவான்.

நிலா_கவுன்சலர்:
ராஜா சார் கோவிச்சுக்காதீங்க, இத அமெரிக்காவுல பெருசாவே செஞ்சு பாத்துட்டாங்க, 1970கள்ல நியூஜெர்சி ராவே ஜெயிலுக்குப் பசங்கள கூட்டிட்டுப் போய் ஆயுள் கைதிங்கள விட்டு மிரட்டுனாங்க. அந்த மாதிரி திட்டங்களோட ஆய்வெல்லாம் ஒண்ணா வச்சுப் பாத்தா, போகாத பசங்கள விட போன பசங்கதான் அதிகமா தப்புல மாட்டிருக்காங்க.

செல்விக்கா, லீ ராபின்ஸ்னு ஒரு அம்மா செயின்ட் லூயிஸ்ல குழந்தைங்க மனநல கிளினிக்குக்கு வந்த 524 பேர 30 வருஷம் கழிச்சு தேடிப் புடிச்சு 1966ல எழுதுனாங்க. பெரியவங்களாகியும் அடாவடியா திரியறவங்க கிட்டத்தட்ட எல்லாருமே சின்னதுலயும் அப்படித்தான், ஆனா சின்னதுல அப்படி இருந்த பசங்கள்ல பாதிக்கு மேல அப்படி ஆகல. பெரியவர் முதல் பாதிய மட்டும் புடிச்சுக்கிட்டாரு.

அதுக்காக சும்மா விட்ரவும் கூடாது. நியூசிலாந்து டுனேடின்ல 1972-73ல பொறந்த ஆயிரம் பிள்ளைங்கள இன்னிக்கு வரைக்கும் தொடர்ந்து பாக்கறாங்க, டீனேஜ்ல கூட்டாளிங்களோட சேந்து ஆட்டம் போடறவன் பெரும்பாலும் அதோட விட்டுர்றான், ஆறேழு வயசுலயே ஆரம்பிக்கறவனுக்குத்தான் ரிஸ்க் ஜாஸ்தி. அவன் துறுதுறுன்னு இருப்பான், வாசிப்பு வராது, மிஸ் தெனம் வெளிய நிறுத்துவாங்க, வீட்ல பெல்ட் அடி, நல்லா படிக்கிற பசங்க சேத்துக்க மாட்டாங்க, அப்ப யாரு சேத்துக்குவா? அவன மாதிரியே ஒதுக்கப்பட்டவங்கதான், எட்டாவதோட ஸ்கூலும் போச்சுன்னா பதினாறுல எஃப்ஐஆர். இதுல எந்த எடத்துலயும் குறுக்க புகுந்து நிறுத்தலாம்.

செல்வி_திருச்சி:
வாசிப்பு சுத்தமா வராது, அஞ்சு நிமிஷம் உக்கார மாட்டான். மாத்திரை கொடுக்கலாமான்னு தங்கச்சிக்கு பயம்.

நிலா_கவுன்சலர்:
அப்ப ஏடிஎச்டி, அதாவது கவனம் நிக்காம ஓயாம துறுதுறுன்னு இருக்கற பிரச்சனை, இருக்கான்னு கண்டிப்பா பாக்கச் சொல்லுங்க. ஸ்வீடன்ல ஏடிஎச்டி இருக்கற 25,000 பேருக்கு மேல பாத்து 2012ல எழுதுனாங்க, மாத்திரை எடுக்காத காலத்த விட எடுத்த காலத்துல ஆம்பளைங்க பண்ண குத்தம் 32 சதவீதம் கம்மி. முடிவு டாக்டர் கையில. ஆனா இந்த வயசுல முக்கியமான வைத்தியம் பெத்தவங்களுக்குத் தர்ற பயிற்சிதான். அவன் ஒழுங்கா செய்ற சின்ன விஷயத்தக்கூட உடனே பாராட்டணும், தப்புக்கு அடி கிடையாது, சைக்கிள் ஒரு நாள் கட் மாதிரி முன்னாடியே சொன்ன தண்டனை, அம்மா ஒண்ணு தாத்தா ஒண்ணுன்னு மாத்திப் பேசக்கூடாது. ஆரம்பத்துல இன்னும் மோசமாக்கூட ஆடுவான், அங்கதான் நெறைய பேரு விட்டுர்றாங்க. அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416க்கு தமிழ்லயே பேசலாம்.

ராஜா_கோவை:
சரிங்க மேடம், அந்தப் பெரியவர யாரு அடக்குறது?

நிலா_கவுன்சலர்:
அடுத்த சிட்டிங்குக்கு அவரையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க சார், டாக்டர் வாயால கேட்டா கேப்பாரு.