பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்குத் தடை: கேம் துறைக்கு இழப்பா, விடிவா?

தரமணி டெவ்:
கொஞ்ச நாளா மனசுல கிடக்குறதை எழுதிடுறேன். நாலு வருஷம் ஒரு ஆன்லைன் ரம்மி கம்பெனியில யூனிட்டி (கேம் உருவாக்குற மென்பொருள்) டெவலப்பரா இருந்தேன். தடை மசோதாவுக்கு 2025 ஆகஸ்ட் 20 மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூணே நாள்ல, பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம் அத்தனைக்கும் நாடு முழுக்கத் தடை. நடத்தினா மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி வரை அபராதம். செப்டம்பர்ல எங்க டீம்ல பாதிப் பேருக்கு மேல வேலை போச்சு. அதுல நானும் ஒருத்தன்.

தமிழ்நாடுதான் ஏற்கனவே ஒழுங்குமுறை கொண்டுவந்திருந்துச்சே? ராத்திரி 12லேர்ந்து விடிகாலை 5 வரை ஆட முடியாது. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். 18 வயசு ஆகாதவங்களுக்கு இடமில்லை. ஒரு மணி நேரம் தாண்டினா அரை மணிக்கொரு தடவை எச்சரிக்கை. கம்பெனிகள் வழக்குப் போட்டு, 2025 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் அரசு பக்கம்தான் தீர்ப்பு சொன்னுச்சு. இதையெல்லாம் கோடா எழுதினவங்கள்ல நானும் ஒருத்தன். அது வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பாக்காமலே, வேர் பிடிக்கிறதுக்குள்ள மொத்தத்தையும் மூடிட்டாங்க. ஒரே நேரத்துல லட்சம் பேர் ஆடினாலும் தாங்குற சர்வர் எழுதுற கை இங்க எங்க பழகுச்சு? இந்தக் கம்பெனிகள்லதான்.

மதுரை பிக்சல்:
உங்க வேலை போனது கஷ்டமா இருக்கு ப்ரோ. ஆனா அதைக் கேம் துறைன்னு சொல்ல என்னால முடியாது.

நாங்க மூணு பேர். ஒரு மாடி ரூம்ல உக்காந்து ரெண்டு வருஷமா ஒரு புதிர் விளையாட்டு பண்ணிக்கிட்டு இருக்கோம். 2022ல எங்ககிட்ட ஒரு ஆர்ட்டிஸ்ட் இருந்தா. தெப்பக்குளத்துப் படிக்கட்டுல உக்காந்து ஆளுங்க நடக்குறதைப் பாத்துப் பாத்து வரைவா. ஒரு சீட்டாட்டக் கம்பெனி மூணு மடங்கு சம்பளம் கொடுத்துக் கூட்டிட்டுப் போச்சு. அவ வீட்டு நிலைமைக்குப் போனது சரிதான், நான் தப்புச் சொல்லலை. ஆனா ரெண்டு வருஷத்துல அங்க அவ ஒரு கேரக்டர்கூட வரையலை. சீட்டுக்கட்டோட பின்பக்க டிசைனும், தீபாவளி போனஸ் பேனரும்தான் வரைஞ்சா. கை பழகுச்சுன்னு சொல்றீங்க, அந்தக் கை மறந்து போனதைக் கண்ணால பாத்தவன் நான்.

'வெண்பா'ங்கிற கேமை நெனச்சுப் பாருங்க. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவோட கிழிஞ்ச சமையல் நோட்டுல விட்டுப்போன வரியைக் கண்டுபிடிச்சு இட்லியும் புட்டும் செய்யணும், அதுதான் ஆட்டமே. 2024ல பிரிட்டனோட பாஃப்டா அமைப்பு தர்ற அறிமுக விளையாட்டு விருதும், சுயாதீன விளையாட்டு விழாவோட பெரும் பரிசும் அதுக்குத்தான். உருவானது டொராண்டோவில. அந்தக் கதை தெரிஞ்ச பசங்க இங்க ஆயிரம் பேர் இருக்காங்க, அவங்க எங்க வேலை பாத்துக்கிட்டு இருந்தாங்க?

சட்டம் படிப்பவன்:
'சோதிச்சுப் பாக்காமலே' மூடிவிட்டார்கள் என்று தரமணி டெவ் சொன்னதை மட்டும் மறுக்கிறேன். ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லிவிட்டது. எல்லா வழக்கிலும் கம்பெனிகளுக்குக் கிடைத்த கேடயம் அதுதான். தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த தடையை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. பிறகு இதை ஆராய அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2022 அக்டோபரில் புதிய மசோதா. ஆளுநர் அதை நான்கு மாதத்துக்கு மேல் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. அந்த நவம்பரிலேயே, சட்டம் செல்லும், ஆனால் அதிலுள்ள தடை ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று தீர்ப்பு. பயிரை விட்டுவிட்டு வரப்புக்கு வேலி போட்டது போல ஆயிற்று.

மத்தியச் சட்டம் திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே தள்ளிவிட்டது. பணம் வைத்துப் பணம் ஜெயிக்க ஆடுகிறாயா, அது மட்டும்தான் அளவுகோல். அதை எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்னிடமே மாற்றிக்கொண்டது.

ஆம்பூர் அக்கா:
நான் கேம் எழுதுறவ இல்லை தம்பிகளா. என் கூடப்பொறந்தவன் ஷூ கம்பெனியில சூப்பர்வைசர். 2023ல ஆட ஆரம்பிச்சான். முதல் வாரம் எண்ணூறு ரூபா ஜெயிச்சு அம்மாவுக்குப் புடவை எடுத்தான். பதினாலு மாசத்துல நாலு லட்சத்துச் சொச்சம் போச்சு. கடன் கொடுக்குற ஆப்பு ஏழு. அவன் போன்ல இருந்த எல்லா நம்பருக்கும் கூப்பிட்டு அசிங்கமாப் பேசினாங்க, எங்க மாமியார் வரைக்கும்.

தரமணி தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவன் தோத்துட்டு ஆப்பை மூடின ராத்திரியெல்லாம் அஞ்சு நிமிஷத்துல ஒரு மெசேஜ் வரும். "உங்களுக்காக 50 ரூபாய் காத்திருக்கிறது"ன்னு. அதை யாருப்பா எழுதுறது? மனுசனா, மெஷினா?

தரமணி டெவ்:
அக்கா, ரெண்டு நாளா இதுக்குப் பதில் எழுதி எழுதி அழிச்சேன்.

மனுசன்தான் எழுதுறான். உங்க தம்பி ஆடினது எந்த ஆப்புன்னு எனக்குத் தெரியாது. ஆனா அதே மாதிரி ஒரு விதியை எங்க ஆப்புல நான் எழுதியிருக்கேன். தொடர்ந்து மூணு ஆட்டம் தோத்து வெளிய போனவங்கன்னு ஒரு பட்டியல் வரும். அவங்களுக்கு எத்தனை நிமிஷத்துல அனுப்பினா திரும்பி வர்றாங்கன்னு அளந்து பாத்தோம். ஆபீஸ்ல அதுக்குப் பேர் 'ரிட்டென்ஷன்', அதாவது ஆடுறவங்களைப் போகவிடாம தக்கவைக்கிறது. திரையில நான் பாத்தது சதவீதம் மட்டும்தான். என்னை மன்னிச்சிடுங்க.

இதைச் சொன்ன பிறகும் என் வாதத்தை விட முடியலை. எழுதினவனுக்குத்தான் எங்க பூட்டணும்னு தெரியும். அந்த மெசேஜைத் தடை பண்ணியிருக்கலாம். தோத்த பிறகு 24 மணி நேரம் பணம் போட முடியாதபடி பண்ணியிருக்கலாம். ஒழுங்குமுறை எழுதினப்ப எங்களை மாதிரி ஆள்கிட்ட யாரும் கேக்கலை. இப்ப வெளிநாட்டு சர்வர்ல ஓடுற ஆப்புகள் டெலிகிராம் வழியா வருது. அங்க ஆதாரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

ஆம்பூர் அக்கா:
நீ ஒத்துக்கிட்டது பெருசு தம்பி. அந்தக் கம்பெனியில இருந்து எங்களுக்கு அந்த ஒரு வார்த்தைகூட வரலை. ஆனா பூட்டு விஷயத்துல நான் உன் பக்கம் இல்லை. பன்னெண்டு மணிக்குப் பூட்டினா பதினொண்ணே முக்காலுக்கு மொத்தத்தையும் வெச்சிருப்பான் என் தம்பி. இப்ப அவன் போன்ல அது இல்லை. டெலிகிராம்ல தேடிப் போற அளவுக்கு அவனுக்குத் தெரியாது. எங்க வீட்டுக்கு அது போதும்.

மதுரை பிக்சல்:
அக்கா எழுதினதுக்கு மேல இதைச் சொல்றது சின்ன விஷயம்தான், ஆனா மறைக்கக் கூடாது. எங்க பழைய இலவச கேம்ல விளம்பர வருமானம் செப்டம்பர்ல பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு. அந்த விளம்பரத்துல பெரும்பங்கு ரம்மியும் ஃபேன்டசி கிரிக்கெட்டும் போட்டதுதான். பிடிக்காத கம்பெனி காசுலதான் இத்தனை நாள் வாடகை கட்டியிருக்கேன். தெரிஞ்சப்ப ராத்திரி தூக்கம் வரலை. அப்பவும் தடை சரிதான்னு சொல்றேன்.

பழைய கை:
ஒரு விஷயத்தை எல்லாரும் விட்டுட்டீங்க. இந்தச் சட்டம் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிறதைத்தான் பிடிக்குது. பத்து வயசுப் பையன் அப்பாவோட யுபிஐ-ல ஜெம் (கேமுக்குள்ள மட்டும் செல்லுற காசு) வாங்கி, உள்ள என்ன இருக்குன்னு தெரியாத பெட்டியைத் திறக்குறானே, அது? அதே ஆசையைத்தானே அங்கயும் தூண்டுறாங்க? அதைப் பத்தி இங்க ஒரு பேச்சும் இல்லை. கேம் எழுதுறவங்க முதல்ல தங்களுக்குள்ள ஒரு வரம்பு வெச்சுக்கணும். சட்டம் வர்ற வரைக்கும் காத்திருந்தா மறுபடி ஒரு ஆகஸ்ட் வரும்.

மதுரை பிக்சல்:
ஒத்துக்குறேன் அண்ணா. எங்க அடுத்த கேம் ஸ்டீம்ங்கிற கணினி கேம் விக்கிற ஆன்லைன் கடையில, ஒரே தடவை விலை கொடுத்து வாங்குறது. பதிவுக் கட்டணம் நூறு டாலர், விக்கிறதுல 30 சதவீதம் அவங்களுக்கு. கஷ்டம்தான், ஆனா ஆடுறவன் எப்ப நிறுத்துவான்னு பயந்து எழுத வேண்டியதில்லை.

தரமணி ப்ரோ, ரெண்டு பேர் சேந்து ஆடுற பகுதி எங்களுக்கு மூணு மாசமா நிக்குது. ஆட்டம் பாதியில நெட் போய் வந்தா ரெண்டு பேர் திரையும் வேற வேற காட்டுது. உங்க பழைய சம்பளத்துல மூணுல ஒரு பங்குதான் தர முடியும், மறைக்காம சொல்றேன். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் எங்க புரோகிராமைப் பாக்க முடியுமா?

தரமணி டெவ்:
வீட்டுக்கடன் தவணை மாசம் 31,000. அந்தச் சம்பளத்துல என்னால சேர முடியாது, ஹைதராபாத்ல ஒரு பேங்க் வேலைக்கு இன்டர்வியூ போய்க்கிட்டு இருக்கேன். தடையைப் பத்தி என் கருத்தும் மாறலை.

ஆனா நீங்க சொல்ற கோளாறு எனக்குத் தெரியும். ஆட்டத்தோட நிலை ரெண்டு பேர் மெஷின்லயும் தனித்தனியா இருக்கும். சர்வர்ல மட்டும் வெச்சு, திரும்பி வர்றவனுக்கு முழுசா அனுப்பணும். சீட்டாட்டத்துல இதைத்தான் தினமும் பண்ணினோம். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல கூப்பிடுங்க. காசெல்லாம் வேண்டாம்.