சிக்னல் இல்லாத மலைப்பாதையில் வண்டி சிக்கினால், உதவிக்கு யாரை, எப்படி அழைப்பது?

கேள்வி (அட்டன் வாசி)

அனைவருக்கும் வணக்கம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நானும் என் மச்சானும் ஒஹியவிலிருந்து உடவேரியா ஊடாகக் களுபஹனவுக்கு இறங்கும் பாதையில், டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் என்று பலரும் அழைக்கும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளின் வழியே, ஒரே ஒரு ஜீப்பில் சென்றோம். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு மழையும் மூடுபனியும் சேர்ந்து இறங்கின. பாதையின் ஓரம் எது, கான் (வடிகால்) எது என்று பிரித்தறிய முடியாத நிலையில் பின்சக்கரம் கானுக்குள் இறங்கி, வண்டி மலைப்பக்கமாகச் சாய்ந்தது. அவசரப்பட்டு வெளியே குதித்ததில் மச்சானின் மணிக்கட்டு முறிந்துவிட்டது.

எங்கள் இருவரிடமும் ஒரே நிறுவனத்தின் சிம் அட்டைகளே இருந்தன. இரண்டு தொலைபேசிகளிலும் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. வீட்டில் என் மனைவியிடம் "ஒஹிய பக்கம் போய்விட்டு வருகிறோம்" என்று மட்டுமே சொல்லியிருந்தேன். மாட்டைத் தேடிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் இரவு எட்டு மணியளவில் எங்கள் வண்டியின் விளக்கைக் கண்டு, லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) ஆறு பேரைக் கூட்டிவந்தார். அவர் வராமல் இருந்திருந்தால் அந்தக் குளிரில் விடியும் வரை இருந்திருப்போம்.

இனி இப்படி நேராமல் பார்த்துக்கொள்வேன் என்று உறுதி சொல்ல என்னால் இயலாது, ஏனெனில் மலைப்பாதைகளுக்குப் போவதை நான் நிறுத்தப்போவதில்லை. ஆகவே கேட்கிறேன்: இத்தகைய இடங்களில் முதலில் எந்த இலக்கத்தை அழைக்க வேண்டும்? சிக்னலே இல்லாதபோது என்ன செய்யலாம்? செய்மதி வழியாக அழைக்கும் கருவிகள் நம் நாட்டில் பயன்படுமா?


பதில் (பண்டாரவளை, ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர்)

தம்பி, மச்சான் இப்போது நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். மற்றவர்கள் இலக்கங்களையும் கருவிகளையும் பற்றி எழுதுவார்கள். முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவன் என்ற முறையில் நான் வேறொன்றைச் சொல்கிறேன். மலையகத்தில் நீங்கள் எந்தப் பாதையில் சிக்கிக்கொண்டாலும், உங்களை முதலில் வந்து அடையப்போகிறவர் பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்து மனிதராகவே இருப்பார். பொலிசாரோ ஆம்புலன்ஸோ எவ்வளவு விரைந்து புறப்பட்டாலும், அவர்களுக்கும் கடைசி இரண்டு மைல் வழியைக் காட்ட அதே தோட்டத்து மனிதர்தான் வேண்டும். எனவே தார்ப்பாதை முடியும் இடத்தில் இருக்கும் கடைசித் தேநீர்க்கடையில் வண்டியை நிறுத்தி, தேநீர் குடித்து, எங்கே போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள். கடைக்காரரின் தொலைபேசி இலக்கத்தையும், முடிந்தால் தோட்டத்து வாச்சர் (காவலாளி) ஒருவரின் இலக்கத்தையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பாதையில் சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதையும் அவர்களிடமே கேட்க வேண்டும். தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனிலும் (பிரிவிலும்) பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கும் தாயோடு பேசுவதற்கென்று ஏறி நிற்கும் ஒரு பாறையோ, கோயில் மேடோ இருக்கும். எந்த வரைபடத்திலும் அது குறிக்கப்பட்டிராது.

இன்னொரு விடயம் இடப்பெயர். நம் மக்கள் தோட்டத்துக்கு ஒரு பெயர் சொல்வார்கள். அரசாங்கப் பதிவில் வேறொரு பெயர் இருக்கும். ஒரு தோட்டத்துக்குள்ளேயே மேல்கணக்கு, கீழ்கணக்கு, புதுக்காடு என்று பிரிவுகள் இருக்கும். இந்தப் பெயர்கள் பத்துத் தோட்டங்களில் திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை மரம் விழுந்து காயப்பட்ட ஒருவருக்காக நான் உதவி கேட்டு அழைத்தபோது, பதற்றத்தில் "கீழ்கணக்குப் பாலத்தடி" என்று மட்டும் சொல்லிவிட்டேன். வந்தவர்கள் அடுத்த தோட்டத்துக் கீழ்கணக்கில் முக்கால் மணிநேரம் தேடினார்கள். தவறு என்னுடையதுதான். தோட்டத்தின் பதிவுப் பெயர், டிவிசன், அருகிலுள்ள பெக்டரி, எந்த நகரத்திலிருந்து எந்தப் பாதையால் உள்ளே வர வேண்டும் என்ற நான்கையும் சேர்த்துச் சொன்னால்தான் வெளியூர் ஆளுக்கு இடம் புரியும்.

ஒஹிய, இதல்கஸ்ஹின்ன, பட்டிப்பொல போன்ற இடங்களுக்கு அருகே நீங்கள் இருந்தால் புகையிரத நிலையத்தையும் மறந்துவிடாதீர்கள். மலைநாட்டு ஒற்றைத் தண்டவாளத்தில் டப்லட் (அடுத்த நிலையம் வரை செல்ல அனுமதிக்கும் அடையாளம்) கொடுத்து ரயில் அனுப்புவதற்காக நிலையங்களுக்கிடையே தனித் தொடர்பு உண்டு. ரயில் ஓடும் நாட்களில் நிலைய அதிபர் பணியில் இருப்பார்.


பதில் (நுவரெலியா, தொலைத்தொடர்புத் தொழில்நுட்பவியலாளர்)

ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். தொலைபேசியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அதில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது.

திரையில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இல்லாமல் "அவசர அழைப்புகள் மட்டும்" என்று வந்தால், வேறொரு நிறுவனத்தின் கோபுரம் உங்களுக்கு எட்டுகிறது என்று பொருள். 112 என்பது ஜிஎஸ்எம் என்ற கைத்தொலைபேசித் தரநிலையிலேயே அவசர அழைப்பாகக் குறிக்கப்பட்ட இலக்கம் என்பதால், எட்டுகிற எந்தக் கோபுரத்தின் வழியாகவும் தொலைபேசி அந்த அழைப்பை எடுக்க முயலும். ஆகவே பொலிஸ் அவசர இலக்கமான 119ஐயும் 112ஐயும் மாறி மாறி முயன்று பாருங்கள். குறுஞ்செய்தி இந்த வழியில் போகாது. இருவர் போகும்போது இரு வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளை வைத்திருப்பது, விலையுயர்ந்த எந்தக் கருவியையும் விட முதலில் செய்ய வேண்டிய காரியம்.

உங்கள் நிறுவனத்தின் சிக்னலே ஒரு கோடு வந்து வந்து மறைகிறது என்றால், குரல் அழைப்பைக் கைவிட்டுக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அழைப்புக்குத் தொடர்பு இடைவிடாமல் நிலைக்க வேண்டும். குறுஞ்செய்திக்குச் சில விநாடிகள் போதும். வாட்ஸ்அப் செய்தி இணையத் தொடர்பு இல்லாமல் போகாது என்பதால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். சிக்னல் இல்லாத பள்ளத்தில் தொலைபேசி கோபுரத்தைத் தேடித் தேடியே மின்கலத்தைத் தீர்த்துவிடும். விமானப் பயன்முறையில் போட்டுவைத்து, மேட்டுக்கு ஏறும்போது மட்டும் திறந்து பாருங்கள். கோபுரம் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்; வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வைத்திருந்தால் நீங்கள் நிற்கும் புள்ளி தெரியும்.

அந்தப் புள்ளியைச் சொல்லும் முறையில்தான் பெரிய பிழை நேர்கிறது. நம் மலைப்பகுதி ஏறக்குறைய வடக்கு 6.6 முதல் 7.6 வரையும், கிழக்கு 80.4 முதல் 81.1 வரையும் உள்ள பாகைகளுக்குள் அடங்கும். நான்கு தசம இடங்கள் வரை வாசித்தால் உங்கள் இடம் ஏறக்குறைய 11 மீற்றருக்குள் குறிக்கப்பட்டுவிடும். ஆனால் சில செயலிகள் பாகை, கலை என்று காட்டும் (60 கலை சேர்ந்தது ஒரு பாகை). 6 பாகை 48 கலை என்பது தசமத்தில் 6.80, அதை யாரேனும் 6.48 என்று எழுதிக்கொண்டால் தேடுபவர்கள் 35 கிலோமீற்றர் தெற்கே, முற்றிலும் வேறோர் இடத்தில் நிற்பார்கள். "பாகையும் தசமமும்" என்று முதலில் சொல்லிவிட்டு இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்து, மறுமுனையில் இருப்பவரைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள்.

செய்மதிக் கருவிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐபோன் 14 முதல் வந்துள்ள செய்மதி அவசரச் சேவை 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கி வேறு சில நாடுகளுக்கும் விரிந்தது. இதை எழுதும்போது அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. கார்மின் இன்ரீச் போன்ற கையடக்கச் செய்மதிக் கருவிகள் இரிடியம் நிறுவனத்தின் 66 செய்மதிகள் வழியாக இருபுறமும் செய்தி பரிமாறும். ஆனால் திறந்த வானம் வேண்டும். ஆழமான பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் செய்தி போகச் சில வேளை பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகலாம். அதைவிட முக்கியம், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்கீழ் வானொலி அலைகளில் செய்தி அனுப்பும் கருவிகளுக்கு அனுமதிப்பத்திரம் தேவை. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பினார் என்று அப்படியே பயன்படுத்தாமல், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலில் கேளுங்கள். வோக்கி டோக்கிக்கும் இதுவே பொருந்தும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவுகள் பாதைகளை மூடி, மின்சாரம் நின்று, கோபுரங்களும் செயலிழந்ததை நாம் எல்லோரும் கண்டோம். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாட்களில் எந்தக் கருவி கையிலிருந்தாலும் இந்தப் பாதைகளில் இறங்கக் கூடாது.


பதில் (பதுளை, தாதி)

அண்ணா, காயம்பட்டவர் இருக்கும்போது எந்த இலக்கம் என்று கேட்டீர்கள். 1990 சுவசெரிய. 2016இல் இந்திய நன்கொடையுடன் தொடங்கி இப்போது நாடு முழுவதும் இயங்கும் இலவச ஆம்புலன்ஸ் சேவை அது. ஆனால் அந்த வண்டி உங்கள் ஜீப் சிக்கிய இடத்துக்கு வராது. வர முயன்று அதுவும் சிக்கிக்கொள்ளக் கூடாது. எனவே தார்ப்பாதையில் ஓர் இடத்தைக் குறித்துச் சொல்லி, அங்கே வரை நோயாளியைத் தோட்டத்துக் கொழுந்து லொறியிலோ டிராக்டரிலோ கொண்டுவர ஏற்பாடு செய்யுங்கள். தோட்ட வைத்தியசாலை வழியில் இருந்தால் அங்கே மட்டை வைத்துக் கட்டிய பிறகு அனுப்புவது நல்லது. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருந்தால், தீப்பற்றும் அபாயமோ வண்டி உருளும் அபாயமோ இல்லாதவரை, அவரை அசைக்காமல் உதவி வரும்வரை காத்திருங்கள். மண்சரிவால் பாதை அடைபட்டிருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைக்கலாம்.

ஐயா சொன்னதைக் கேட்டு, இருட்டில் ஒருவர் லயத்தைத் தேடி நடக்கத் தொடங்கிவிடுவாரோ என்பதே என் அச்சம். பகலில், பாதை தெளிவாகத் தெரியும்போது, லயம் எங்கே என்று முன்பே தெரிந்திருந்தால் போகலாம். மூடுபனியிலும் இரவிலும் வேண்டாம். தேடி வருபவர்களுக்கு மனிதனைக் காண்பதைவிட வண்டியைக் காண்பது எளிது. வண்டியிலேயே இருந்து, ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஹோர்ன் அடித்தோ விளக்கை மினுக்கியோ காட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் அதையே செய்யுங்கள். மலையேறுபவர்கள் உலகெங்கும் அறிந்த அபாயக் குறி அது. பதிலாக நிமிடத்துக்கு மூன்று முறை குறி வரும். அந்தக் குறியை அறியாத நம் தோட்டத்து மக்களும், ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் ஒலியைக் கேட்டால் என்னவென்று பார்க்க வருவார்கள். தீ மூட்டிப் புகை காட்ட முயல வேண்டாம். ஊவாவில் வரண்ட மாதங்களில் மானாப்புல் பற்றிக்கொண்டால் நீங்களே அதில் அகப்படுவீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நக்கிள்ஸ் மலைத்தொடர் போன்ற பாதுகாக்கப்பட்ட வனங்களில் அனுமதி இல்லாமல் நுழைந்தவர்கள், தண்டம் விதிப்பார்கள் என்று பயந்து உதவி கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். அப்படிக் காத்திருந்து, மறுநாள் காலையில் உடல் விறைத்த நிலையில் கொண்டுவரப்பட்ட ஓர் இளைஞனை எங்கள் வார்டில் பராமரித்திருக்கிறேன். அனுமதி பெற்றே போங்கள். பெறாமல் போயிருந்தாலும் அழைக்கத் தயங்காதீர்கள்.


மறுமொழி (அட்டன் வாசி)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மச்சானின் கை குணமாகிவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும் மீதியிருக்கிறது. வீட்டில் மனைவியிடம் பாதையை எழுதிக்கொடுத்துவிட்டுப் போவதென்றால், எங்களிடமிருந்து செய்தி வராதபோது அவர் எவ்வளவு நேரம் பொறுத்திருக்க வேண்டும்? சற்றுத் தாமதமானதற்கெல்லாம் ஊரைக் கூட்டிவிட்டால் சங்கடமாகிவிடுமே.


பதில் (பண்டாரவளை, ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர்)

சங்கடத்தைப் பற்றி யோசிக்காதீர்கள் தம்பி. தேடுவதற்கு வெளிச்சம் மிஞ்சும்படி நேரத்தைக் குறியுங்கள். நம் பக்கம் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும்; மூடுபனி நாட்களில் அதற்கும் முன்பே. பிற்பகல் இரண்டு மணிக்குள் தார்ப்பாதைக்கு வந்து செய்தி அனுப்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். மூன்று மணிக்கும் செய்தி இல்லையென்றால் அவர் முதலில் அந்தத் தேநீர்க்கடைக்காரரை அழைக்கட்டும். உங்கள் வண்டி திரும்பியதா இல்லையா என்பது அவருக்குத் தெரியும். திரும்பவில்லை என்றால் வாச்சரை அழைத்து, அதற்கடுத்த நிமிடமே 119ஐ அழைக்கட்டும். வண்டியின் நிறம், இலக்கத்தகடு, எத்தனை பேர், யாருக்கேனும் நீரிழிவு போன்ற நோய் உண்டா என்பவற்றையும் அதே தாளில் எழுதிவையுங்கள். தமிழில் ஒருமுறையும் சிங்களத்தில் ஒருமுறையும் எழுதினால், யார் வாசித்தாலும் புரியும்.


மறுமொழி (அட்டன் வாசி)

அப்படியே செய்கிறேன் ஐயா. அடுத்த மாதம் முதல் வாரம் மீண்டும் ஒஹியவுக்குப் போகிறோம். இம்முறை இரண்டு வண்டிகள். எங்களைக் கண்டெடுத்த அந்தப் பெரியவரின் லயத்துக்குப் போய், அவர் மகனின் இலக்கத்தை வாங்கி, சிக்னல் கிடைக்கும் மேடு எது என்பதையும் கேட்டுவந்து இங்கே எழுதுகிறேன்.