கூடவே இருந்த நண்பர் அடக்கம் செய்யக் கூடாதா?

அலமோவாசி: டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவில் எங்கள் தெருவில் இருந்த வியட்நாம் போர் வீரர் ஒருவர் காலமானார். மனைவி முன்பே போய், படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்குமான ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் தேசியக் கல்லறையில் இருக்கிறார். தன்னையும் அவரோடு வைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரே மகன், பல வருடமாகப் பேச்சில்லை. கடைசிவரை ஆஸ்பத்திரிக்கு அலைந்தது உடன் படையில் இருந்த நண்பர்தான். இப்போது உடலை வைத்திருக்கும் ஃபியூனரல் ஹோம் (இறுதிச்சடங்கு நிறுவனம்), மகன் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது என்கிறது. கஞ்சி ஊற்றாதவனுக்கு இதில் என்ன உரிமை?

கறார்பேர்வழி: அவர்கள் செய்தது சரிதான். ‘நான்தான் பார்த்துக்கொண்டேன்’ என்று நாளைக்கு யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாமே. எரித்த பிறகு மகன் வந்து கேட்டால் யார் பதில் சொல்வது? டெக்சாஸ் சட்டத்தில் வரிசை தெளிவாக இருக்கிறது: இறந்தவர் எழுதி நியமித்த ஆள், அடுத்து மனைவி, வயதுவந்த பிள்ளைகளில் ஒருவர், பெற்றோர், உடன்பிறந்தவர். நண்பர் என்று ஒரு வரி அதில் கிடையாது.

அலமோவாசி: அப்படியானால் மிஸ்ஸிங் இன் அமெரிக்கா அமைப்பின் தொண்டர்கள் எப்படிச் செய்கிறார்கள்? யாரும் வாங்காமல் கிடக்கும் வீரர்களின் சாம்பலைத் தேடி எடுத்து மரியாதையோடு அடக்கம் செய்கிறார்களே. முன்பின் தெரியாதவருக்கு முடிவது நண்பருக்கு முடியாதா?

கறார்பேர்வழி: ‘யாரும் வாங்காமல்’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இங்கே மகன் உயிரோடு இருக்கிறான். கெட்ட மகனாகவே இருக்கட்டும், மகன்தானே.

தேன்மொழி: ஐயா, இருவரும் இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். உடல் யார் பொறுப்பு என்பது மாநிலச் சட்டம். கல்லறையில் இடம் என்பது மத்திய அரசின் முன்னாள் படைவீரர் துறை. அந்தத் துறையின் விதிப்படி, அடக்கத்துக்கு நானே பொறுப்பு என்று முன்வருபவர் குடும்பத்தாராக இருக்கலாம், வேறு ஆளாகவும் இருக்கலாம். அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது இறந்தவரின் தகுதியை. டிடி 214 என்ற பணிவிடுப்புச் சான்று இருந்து, அவமதிப்போடு வெளியேற்றப்படாதவராக இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. குழி, கல், பராமரிப்பு எல்லாம் இலவசம். ஃபியூனரல் ஹோம் செலவுதான் நம் கையிலிருந்து. ஆக, கல்லறை வாசலில் நண்பரை யாரும் தடுக்கப்போவதில்லை. அவர் தடுக்கப்பட்டது பிணவறை வாசலில்.

அலமோவாசி: ராணுவத்தில் சேரும்போதே உடலை யாரிடம் கொடுப்பது என்று எழுதி வாங்குவார்களாமே?

தேன்மொழி: அது டிடி 93. பணியில் இருக்கும்போது இறந்தால்தான் அது பேசும். ஓய்வு பெற்று ஐம்பது வருடம் கழித்து அதை எடுத்துக்கொண்டு போனால் செல்லாது. அவர் செய்திருக்க வேண்டியது, நண்பர் பெயரை எழுதி நோட்டரி முன் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். அது இருந்திருந்தால் மகனுக்கும் முன்னால் நண்பர் நிற்பார். தகுதியை உயிரோடு இருக்கும்போதே உறுதி செய்துகொள்ளும் வசதியும் 2016 டிசம்பர் முதல் இருக்கிறது, ஆனால் அந்த உறுதியை வாங்கி வைத்திருந்தாலும் உடல் பற்றிய அதிகாரம் நண்பருக்கு வராது.

கறார்பேர்வழி: நானும் அதைத்தான் சொல்கிறேன். தாள் இல்லையென்றால் மகன்.

தேன்மொழி: மகன் சும்மா இருந்தால்? தகவல் கிடைத்து 6ஆம் நாள், அல்லது இறந்து 10ஆம் நாள், எது முதலில் வருகிறதோ அதற்குள் அவர் ஏற்பாடு செய்யவோ வேறு ஒருவரை நியமிக்கவோ வேண்டும். இல்லையென்றால் விருப்பமில்லை என்று கொண்டு உரிமை அடுத்தவருக்குப் போய்விடும். மகன் மனது வைத்தால் நண்பரையே நியமிக்கலாம். சண்டைக்குப் போகாமல் ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

கறார்பேர்வழி: அடுத்தவர் என்றால் வரிசையில் அடுத்தவர், நண்பர் இல்லை. அதையும் சொல்லிவிடுங்கள்.

அலமோவாசி: பெற்றோர் இல்லை. டல்லாஸில் ஒரு தங்கை இருக்கிறார், அண்ணன் மேல் பாசமுள்ளவர். மகனுக்குத் தகவல் போய் இன்றோடு 4 நாள். நண்பர் இன்று ராத்திரி இருவரையும் கூப்பிட்டுப் பேசுகிறாராம்.