அணுப்புழுதி, காப்பறை, காப்பு மடங்கு: மூன்று சொற்கள் குறித்து

குழுவினருக்கு வணக்கம். அணுகுண்டு வெடித்தபின் மக்கள் தங்களைக் காத்துக்கொள்வது பற்றிய மூன்று ஆங்கிலச் சொற்களுக்கு (fallout, fallout shelter, protection factor) என் தமிழ்ப் பரிந்துரைகள் இவை.

அணுகுண்டு தரையருகே வெடிக்கும்போது மேலெழும் மண், பிளவுப் பொருள்கள் (அணுக்கரு பிளந்து உண்டாகும் கதிரியக்கப் பொருள்கள்) ஒட்டிய துகள்களாகிக் காற்றோடு போய்த் தொலைவில் இறங்குவதைக் 'கதிரியக்க வீழ்படிவு' என்று அழைக்கலாம் என்னும் முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. கரைசலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும் திண்மத்துக்கு வேதியியல் பாடநூல்கள் அச்சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டன. 'கதிர்ப்புழுதி' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆரணிப் பக்கத்து உழவரின் காதில் அது நெல்லடிக்கும் களத்துத் தூசியாகவே விழும். ஆகவே 'அணுப்புழுதி' என்கிறேன். 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய சோதனையின்போது ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் மேல் வெள்ளையாகப் பொழிந்த பவளப்பாறைப் பொடியை அந்நாட்டார் 'சாவுச் சாம்பல்' என்றார்கள். அவர்களும் கண்ணில் பட்டதைக் கொண்டே பெயரிட்டார்கள்.

புழுதி என்றால் மூக்கில் துணி கட்டினால் போதும் என்று மக்கள் எண்ணிவிடுவார்களே என்ற மறுப்பு நியாயமானது. மொட்டைமாடியில் படிந்த புழுதி வீட்டுக்குள் வராமலே, ஊடுருவிச் செல்லும் காமாக் கதிர்களைக் கூரை வழியே அனுப்பும். அதனால்தான் இரண்டாவது சொல்லில் கவனம் வேண்டும். 'பதுங்குகுழி' குண்டுவீச்சுக்கு உரியது. தவிர, வேலூரில் நிலவறை உள்ள வீடு அரிது. மாடி வீட்டின் கீழ்த்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத நடு அறைதான் நமக்கு வாய்ப்பது. அதற்குக் 'காப்பறை' என்பதே பொருந்தும். ஏறத்தாழ 6 செ.மீ. கான்கிரீட்டோ 9 செ.மீ. கெட்டித்த மண்ணோ அக்கதிர்களைப் பாதியாக்கும் என்பதால், சன்னலை மண்மூட்டைகளால் அடைப்பதும் பயன் தரும். (பாலாற்று மணலுக்கு இன்று யாரிடம் போவது என்பது வேறு வழக்கு.)

வெடித்து ஒரு மணி நேரம் கழித்து இருந்த கதிர்வீச்சு, 7 மணி நேரத்தில் பத்தில் ஒன்றாகவும், 49 மணி நேரத்தில் நூறில் ஒன்றாகவும், இரு வாரத்தில் ஆயிரத்தில் ஒன்றாகவும் ஏறக்குறைய குறையும். முதல் இரண்டு நாள் வெளியே தலைகாட்டாமல் இருப்பதும், இரு வாரத்துக்கான குடிநீரை மூடிய டிரம்களில் வைத்திருப்பதும் இக்கணக்கிலிருந்தே வருகின்றன. கோடைத் தட்டுப்பாட்டுக்குப் பழகிய நம் ஊர் வீடுகளில் டிரம்களுக்குக் குறைவில்லை.

மூன்றாவதாக, 'பாதுகாப்புக் காரணி' வேண்டாம். வெளியே திறந்த வெளியில் நிற்பவர் பெறும் கதிரளவில் நாற்பதில் ஒரு பங்கே அறைக்குள் இருப்பவரை எட்டினால், அவ்வறையின் 'காப்பு மடங்கு' 40 என்று சொல்வது கணக்கையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. 'காரணி' என்றே வைத்துக்கொள்ள விரும்புவோர் தங்கள் காரணத்தை எழுதவேண்டுகிறேன்.