ஹேங் ஆனாலே ராம் போடச் சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி

நெல்லைத்தம்பி:
செல்வம் அண்ணன் நேற்று இங்கே எழுதியது இது: "புரோகிராம் ஹேங் ஆகிறதா? ராம் போதவில்லை. 16 ஜிபி போட்டு, பேஜ் ஃபைலை அணைத்துவிடுங்கள். சிஸ்டம் பறக்கும்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. (பேஜ் ஃபைல் என்பது ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கும் ஃபைல்.) இதே யோசனையை யாரோ சொல்லித்தான் மலர் அக்கா தன் டிடிபி கடை மெஷினில் 4 ஜிபியை 16 ஆக்கினார். போட்டோஷாப் இப்போதும் ஹேங் ஆகிறது. குரோம் ஆகிறது. வெறும் வேர்டும் ஆகிறது. மவுஸ் மட்டும் நகரும், விண்டோ வெளுத்துப்போய் மேலே நாட் ரெஸ்பாண்டிங் என்று வரும். அரை நிமிடம் கழித்து, அதுவரை அழுத்திய கிளிக் எல்லாம் மொத்தமாக வந்து விழும்.

அக்கா அனுப்பிய டாஸ்க் மேனேஜர் படத்தில் மெமரி 35 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம். ஆனால் அந்த 100-இல் நகரும் டேட்டா நொடிக்கு 0.3 எம்பி! ரெஸ்பான்ஸ் டைம் 4,000 மில்லி செகண்டைத் தாண்டுகிறது. நல்ல ஹார்ட் டிஸ்க் ஓர் இடத்தைத் தேடிப் படிக்க 10, 15 மில்லி செகண்ட் போதும். விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் 'டிஸ்க்' பெயரில் 7, 51, 153 என்ற மூன்று பிழை எண்களும் மாறி மாறி வருகின்றன. 7 என்றால் பேட் பிளாக், அதாவது டிஸ்க்கில் கெட்டுப்போன செக்டார் (டேட்டா எழுதும் சிறு துண்டு). 51 பேஜிங்கில் வந்த பிழை. 153 என்றால் டிஸ்க் வேலையைத் திரும்ப முயல வேண்டியிருந்தது. இதில் ராம் எங்கே வந்தது, அண்ணன் சொல்லட்டும்.

சர்வீஸ் செல்வம்:
தம்பி, நான் சென்னை ரிச்சி தெருவில் பென்டியம் காலத்திலிருந்து மெஷின் பிரிக்கிறவன். 51-ஐ முழுசாகப் படித்தீர்களா? "பேஜிங் ஆபரேஷனின்போது பிழை" என்று விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது. பேஜிங் என்றால் பேஜ் ஃபைல். மேடம் ராம் போட்டார், சரி. பேஜ் ஃபைலை அணைத்தாரா? பாதி மாத்திரை போட்டுவிட்டு டாக்டரைத் திட்டினால் எப்படி?

நெல்லைத்தம்பி:
பேஜிங் என்றால் பேஜ் ஃபைல் மட்டும் இல்லை அண்ணே. ஒரு புரோகிராமைத் திறக்கும்போது அதன் இஎக்ஸ்இ, டிஎல்எல் ஃபைல்களை விண்டோஸ் மெமரிக்குக் கொண்டுவருவதும் பேஜிங்தான். சாதாரண ஃபைலைப் படிக்கும்போதும் 51 வரலாம், மைக்ரோசாஃப்டே விளக்கியிருக்கிறது. பேஜ் ஃபைலை அடியோடு அணைத்தாலும் 51 வரும். ஏனென்றால் கெட்டுப்போனது டிஸ்க்.

பென்குயின் பாலா:
லினக்ஸ் போடுங்கள். இந்த 7, 51 பஞ்சாயத்தே இருக்காது.

நெல்லைத்தம்பி:
பேட் செக்டாருக்கு லினக்ஸ் என்ன, விண்டோஸ் என்ன? அங்கே டிமெசேஜில் (லினக்ஸின் பிழைப் பதிவு) ஐஓ எரர் என்று வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மலர் டிடிபி:
பாலா சார், வாடிக்கையாளர்கள் போட்டோஷாப் ஃபைலாகத்தான் கொண்டுவருகிறார்கள். நான் லினக்ஸில் எதைத் திறப்பது?

பென்குயின் பாலா:
படம் திருத்த ஜிம்ப் இருக்கிறதே! போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலைத் திறக்கும்.

மலர் டிடிபி:
லேயர் எஃபெக்ட் எல்லாம் அப்படியே வருமா? கல்யாணப் பத்திரிகை வேலை சார், எழுத்து நகர்ந்தால் அடி எனக்குத்தான் விழும்.

கோவை ராகவன்:
எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சாட்டா கேபிள், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைப்பது. 60 ரூபாய் கேபிளை மாற்றிப் பார்க்காமல் டிஸ்க்குக்கு எமன் சீட்டு எழுதுகிறீர்கள்.

நெல்லைத்தம்பி:
கேபிள் கோளாறு என்றால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் சி7 ஏறியிருக்கும், சிஆர்சி எரர் கவுன்ட், அதாவது டேட்டா வழியில் சிதைந்த கணக்கு. அந்தப் பட்டியலைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ புரோகிராமிலிருந்து அக்கா அனுப்பிய படத்தில் சி7 பூஜ்யம். சி5-இல்தான் மஞ்சள் புள்ளி. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்களின் கணக்கு அது. மேலே 'காஷன்' என்று மஞ்சளில் கொட்டை எழுத்தில் வேறு போட்டிருக்கிறது.

சர்வீஸ் செல்வம்:
நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். சி5-இல் 18. 1 டிபி டிஸ்க்கில் 18 செக்டார்! இதற்கா இந்த ஆர்ப்பாட்டம்?

நெல்லைத்தம்பி:
அது ஹெக்ஸ் அண்ணே, பதினாறு பதினாறாக எண்ணும் முறை. ரா வேல்யூவை அந்தப் புரோகிராம் ஹெக்ஸில்தான் காட்டும், மெனுவில் போய் டெசிமலுக்கு மாற்றவேண்டும். ஹெக்ஸ் 18 என்றால் 16 + 8, அதாவது 24.

சர்வீஸ் செல்வம்:
18-ஓ 24-ஓ, கோடிக்கணக்கான செக்டாரில் அது தூசு. போன வருடம் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டி) விவாதத்திலும் இப்படித்தான் எண்ணைக் காட்டி என்னை மட்டம் தட்டினீர்கள். நான் மறக்கவில்லை.

நெல்லைத்தம்பி:
எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் நான் சொன்னது சரி, 12 வோல்ட் லைன் 11.1-க்கு இறங்கிய படத்தையே போட்டேன். அதை விடுங்கள். 24 தூசு என்கிறீர்களே, அந்த 24-இல் ஒன்றில், விண்டோஸ் தன் செட்டிங்ஸை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி ஃபைலின் ஒரு துண்டு இருந்தால்? சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் விட்டுவிடாது, திரும்பத் திரும்ப முயலும். அதுவரை பின்னால் வரும் வேலையெல்லாம் வரிசையில் நிற்கும். ஒரு விண்டோ 5 நொடி தனக்கு வரும் மெசேஜை (கிளிக், கீ அழுத்தல் போன்றவை) எடுக்காவிட்டால் விண்டோஸ் அதை நாட் ரெஸ்பாண்டிங் என்று அறிவிக்கும். அக்கா பார்ப்பது இதைத்தான். போட்டோஷாப்பும் வேர்டும் குரோமும் ஒரே நேரத்தில் உறைவதற்கும் இதுதான் காரணம்.

சர்வீஸ் செல்வம்:
வரிசையில் நிற்பது எது? பேஜ் ஃபைல். 51 அதைத்தான் சொல்கிறது. அணையுங்கள்.

நெல்லைத்தம்பி:
மெமரி மூன்றில் ஒரு பங்குதான் ஓடுகிறது, பேஜ் ஃபைலுக்கு அங்கே என்ன பெரிய வேலை? சரி, அணைத்தால் என்ன ஆகும் தெரியுமா? புரோகிராம்களுக்கு விண்டோஸ் மொத்தமாக ஒதுக்கித் தரக்கூடிய மெமரியின் எல்லை கமிட் லிமிட். அது ராமும் பேஜ் ஃபைலும் சேர்ந்தது. அணைத்தால் 16 ஜிபியோடு எல்லை முடிந்தது. போட்டோஷாப்பில் பெரிய ஃபிளெக்ஸ் ஃபைல், பக்கத்தில் குரோமில் இருபது டேப் என்றால் ராம் மிச்சம் இருக்கும்போதே 'அவுட் ஆஃப் மெமரி' வந்து புரோகிராம் விழும். சேவ் பண்ணாத வேலை போச்சு. புளூ ஸ்கிரீன் வந்தால், காரணம் கண்டுபிடிக்க உதவும் டம்ப் ஃபைலும் வழக்கம்போல் எழுதாது.

சர்வீஸ் செல்வம்:
என் கடை மெஷினில் பேஜ் ஃபைல் கிடையாது. வருடக்கணக்கில் ஓடுகிறது. வந்து பாருங்கள்.

நெல்லைத்தம்பி:
உங்கள் மெஷினில் எஸ்எஸ்டி இருக்கும், சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க். இருக்கிறதா இல்லையா?

சர்வீஸ் செல்வம்:
கேள்விக்குக் கேள்வி பதில் ஆகாது. 51-இல் பேஜிங் என்று எழுதியிருக்கிறதா இல்லையா?

கோவை ராகவன்:
சி7 பூஜ்யம் என்றாலும் கனெக்டர் தளர்ந்திருக்கலாம். நான் பார்த்திருக்கிறேன்.

பென்குயின் பாலா:
அந்த மெஷினில் இருப்பது விண்டோஸ் 10 என்றால், 2025 அக்டோபர் 14-உடன் அதற்குப் பொதுவான ஆதரவு முடிந்தது. பழைய பிராசஸரில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் கேட்கும். லினக்ஸ்தான் வழி.

நெல்லைத்தம்பி:
பாலா, இன்றைக்கு அக்காவின் ஃபைல்களைக் காப்பாற்றுவதுதான் வேலை. எதைப் போடுவது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

மலர் டிடிபி:
எனக்கு இப்போது ஒன்றைச் சொல்லுங்கள். பக்கத்துக் கடைத் தம்பி செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் (டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கட்டளை) கொடுத்தால் பேட் செக்டார் சரியாகிவிடும் என்கிறார். கொடுக்கட்டுமா?

சர்வீஸ் செல்வம்:
தாராளமாகக் கொடுங்கள் மேடம். கூடவே பேஜ் ஃபைலையும் அணையுங்கள்.

நெல்லைத்தம்பி:
கொடுக்காதீர்கள் அக்கா! பேக்கப் எடுக்கும்வரை அதைத் தொடவே வேண்டாம். ஸ்லாஷ் ஆர் டிஸ்க் முழுவதையும் ஒரு செக்டார் விடாமல் படிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க் அந்த ஓட்டத்திலேயே போய்விடலாம். போன செக்டாரை அது உயிர்ப்பிக்காது, இனி அங்கே எழுதாதே என்று ஒதுக்கி வைக்கும், அவ்வளவுதான். முதலில் வாடிக்கையாளர் ஃபைல்கள், ஃபான்ட் ஃபோல்டர், டேலி டேட்டா இவற்றை வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். ஒரு ஃபைலில் நின்றுவிட்டால் அதைத் தாண்டி அடுத்ததை எடுங்கள். காப்பியே ஓடவில்லை என்றால் மெஷினை அணைத்துவிட்டு, கெட்ட டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்கும் டிடிரெஸ்க்யூ புரோகிராம் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அப்புறம் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து (குளோன் பண்ணி) ஏற்றினால் உடைந்த ஃபைலும் கூடவே வரும்.

பென்குயின் பாலா:
டிடிரெஸ்க்யூ எதில் ஓடும் தம்பி? லினக்ஸில்! அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்.

நெல்லைத்தம்பி:
காப்பாற்ற லினக்ஸ் பென் டிரைவ் போதும். பத்திரிகை அடிக்க அக்காவுக்குப் போட்டோஷாப் வேண்டும்.

சர்வீஸ் செல்வம்:
500 ஜிபி எஸ்எஸ்டியாம்! ராம் வாங்கச் சொன்ன நான் செலவு வைக்கிறவன், எஸ்எஸ்டி வாங்கச் சொல்கிறவர் தர்மப் பிரபு. நன்றாக இருக்கிறது நியாயம். மேடம், காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ், வர்ச்சுவல் மெமரி, 'நோ பேஜிங் ஃபைல்'. செட் கொடுத்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

நெல்லைத்தம்பி:
ரீஸ்டார்ட் பண்ணி அது திரும்ப எழவில்லை என்றால் பொறுப்பு யார்? நீங்களா வந்து பத்திரிகை அடித்துக் கொடுப்பீர்கள்? அக்கா, முதலில் காப்பி.

மலர் டிடிபி:
காப்பி போட்டிருக்கிறேன் தம்பி. மூன்றாவது ஃபோல்டரில் 0 பைட்ஸ் என்று நிற்கிறது.

கோவை ராகவன்:
அணைத்துவிட்டு அந்தக் கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

சர்வீஸ் செல்வம்:
51-க்கு இன்னும் பதில் வரவில்லை.

நெல்லைத்தம்பி:
வந்தாகிவிட்டது, மேலே இருக்கிறது. அக்கா, கேன்சல் கொடுத்து அந்த ஃபோல்டரை விடுங்கள், நாலாவதை எடுங்கள்.