மேனுவலில் வைத்தும் ஒரு படம் வெளிச்சம், அடுத்த படம் இருட்டு – அவசரம்

தஞ்சைத் தங்கம்:
வணக்கம். அக்கா மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம். படம் எடுப்பது என் பொறுப்பு. இன்று மண்டபத்தில் ஒத்திகை நடந்தது. மேனுவலில், அதாவது எல்லா அளவையும் நானே போடும் முறையில் வைத்து, எதையும் மாற்றாமல்தான் எடுத்தேன். ஆனாலும் ஒரு படம் நன்றாக வருகிறது, அடுத்தது இருட்டு, அதற்கடுத்தது மஞ்சள். ஒன்றில் முகம் சரியாக இருக்கிறது, இடுப்புக்குக் கீழே கறுத்துப் போயிருக்கிறது. கேமரா போய்விட்டதா? சீக்கிரம் சொல்லுங்கள்.

ரவி_சேலம்:
என்ன கேமரா, என்ன லென்ஸ்? ஷட்டர் எத்தனை நொடி திறந்திருந்தது? ஐஎஸ்ஓவுக்கு (படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் எண்) நீங்களே எண் போட்டீர்களா, ஆட்டோவில் விட்டீர்களா? மேனுவல் என்று வைத்தாலும் ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருந்தால் கேமரா மாற்றிக்கொண்டேதான் இருக்கும். கறுப்புத் திரை நிறையத் தெரிந்தால் ஏற்றிவிடும், வெள்ளை வேட்டியோடு நட்டுவனார் உள்ளே வந்தால் இறக்கிவிடும்.

பழைய லென்ஸ் பிரியன்:
லென்ஸ்தான். உள்ளே துளையைச் சுருக்கி விரிக்கும் அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் கசிந்து ஒட்டிக்கொள்ளும். என்னிடம் இரண்டு லென்ஸில் இதே கதை. கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.

மூத்த ரசிகன்:
வாரத்துக்கு ஒருவர் இதையே கேட்கிறார். அடிப்படையைப் படித்துவிட்டு வரலாமே. துளை எவ்வளவு பெரியது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, உள்ளே விழும் ஒளி இவ்விரண்டில் அடங்கும். துளையை எஃப் 2.8-இலிருந்து 4-க்குச் சுருக்கினால் ஒளி பாதி. ஷட்டர் 1/100 நொடியிலிருந்து 1/200-க்குப் போனாலும் பாதி. ஐஎஸ்ஓவை ஏற்றினால் சென்சாரின் உணர்திறன் கூடும். இது கைவராதவர்கள் மேனுவலைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நிலா_ஒளி:
சார், கடைசி விஷயம் மட்டும் சரியில்லை. சென்சார் வாங்கிய ஒளி வாங்கியதுதான். ஐஎஸ்ஓவை ஏற்றினால் அந்தச் சிக்னலைப் பெருக்கிக் காட்டுகிறது. படம் புள்ளி புள்ளியாகத் தெரிவது பெரும்பாலும் ஒளி போதாததால்.

மூத்த ரசிகன்:
ஃபிலிம் காலத்திலிருந்து எடுக்கிறேன் அம்மா. 400 ஃபிலிமுக்கு 100-ஐ விட உணர்திறன் அதிகம். டப்பாவிலேயே போட்டிருப்பான்.

நிலா_ஒளி:
ஃபிலிமுக்குச் சரி. அங்கே சுருளையே மாற்றுகிறோம். இங்கே அதே சென்சார்தானே உள்ளே உட்கார்ந்திருக்கிறது?

ரவி_சேலம்:
இந்த வாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அவர் இன்னும் ஷட்டர் வேகத்தையே சொல்லவில்லை.

தஞ்சைத் தங்கம்:
மன்னிக்கவும், சமையல் வேலையாக இருந்தேன். 1/500, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 6400. ஆட்டோ இல்லை. லென்ஸில் 2.8-க்குக் கீழே போகாது. கூரை முழுக்க டியூப்லைட், மேடைக்கு மேலே எல்இடி பட்டை.

கல்யாண வீட்டுக் கேமரா:
கேமராவுக்கு ஒன்றும் இல்லை தங்கச்சி. விளக்குதான்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் சோக்கு போட்ட டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. 1/500-இல் அந்த அலையில் ஒரு துண்டைத்தான் பிடிக்கிறீர்கள். உச்சத்தில் மாட்டினால் வெளிச்சம், பள்ளத்தில் மாட்டினால் இருட்டு. டியூப்லைட்டின் உட்பூச்சில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் அணையும், அந்த மஞ்சள் அப்படி வந்தது. பாதிப் படம் கறுப்பதற்கும் காரணம் உண்டு. அந்த வேகத்தில் ஷட்டர் ஒரே நேரத்தில் முழுதாகத் திறக்காது, இரண்டு திரைகளுக்கு நடுவே ஒரு கீற்றுதான் ஓடும். அது மறுமுனைக்குப் போவதற்குள் விளக்கு மங்கிவிடுகிறது.

1/100 வையுங்கள். ஒரு முழுச் சுற்று வெளிச்சமும் விழுந்துவிடும். ஒளி ஐந்து மடங்கு கூடுவதால் ஐஎஸ்ஓவை 1250-க்கு இறக்கலாம், படமும் சுத்தமாக வரும். கால் வேகமாகப் போகும்போது கலங்கும், உண்மைதான். ஆனால் தீர்மானம் (ஜதியை முடிக்கும் அடவுக் கோர்வை) முடிந்து பிள்ளை அரைமண்டியில் ஒரு கணம் நிற்பாளே, கை நீட்டியபடி, கண் விரல் நுனியில் இருக்குமே, அதற்குக் காத்திருந்து எடுங்கள். 1/100 தாராளம்.

சத்தமில்லாமல் எடுக்கும் சைலண்ட் ஷட்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள், கோடு கோடாக விழும். மெனுவில் ஆன்டி ஃப்ளிக்கர் இருக்கிறதா பாருங்கள். 2014-இல் கேனான் 7டி மார்க் 2-இல் வந்தது, இப்போது பல கேமராக்களில் உண்டு. விளக்கு உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்துச் சொடுக்கும்.

பழைய லென்ஸ் பிரியன்:
எதற்கும் லென்ஸையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கல்யாண வீட்டுக் கேமரா:
2.8-தான் முழுத் திறப்பு என்கிறார் சார். அதில் இதழ்கள் அசையவே வேண்டாம், ஒட்டினாலும் படம் மாறாது. சந்தேகம் தீர வேண்டுமானால் வெயிலில் சுவரைப் பார்த்து அதே 1/500-இல் பத்துப் படம் எடுக்கட்டும், ஐஎஸ்ஓவை மட்டும் 100 ஆக்கி, துளையை எஃப் 5.6-க்குச் சுருக்கிக்கொண்டு. பத்தும் ஒன்றுபோல் இருந்தால் லென்ஸும் பிழைத்தது.

மூத்த ரசிகன்:
ஐஎஸ்ஓ பற்றி நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தஞ்சைத் தங்கம்:
வெயிலில் பத்தும் ஒன்றுபோல் வந்தது. மண்டபத்தில் 1/100 வைத்தேன், இருட்டுப் படம் ஒன்றுகூட இல்லை. தில்லானாவில் மட்டும் கை கொஞ்சம் கலங்கிவிட்டது. நன்றி அண்ணா.