காட்டுக்குள்ள குடும்பத்தோட தனியா வாழ முடியுமா?

வேளச்சேரிவாசி: டிராஃபிக், தண்ணி லாரி, வாடகை எல்லாம் போதும்டா சாமின்னு ஆயிடுச்சு. சைபீரியா காட்டுல ஒரு குடும்பம் 40 வருஷத்துக்கு மேல யாரையும் பாக்காம இருந்துச்சாமே, நெஜமா?

தயிர்சாதம்: நெஜம்தான் பாஸ். லைக்கோவ் குடும்பம். பழைய முறை கிறிஸ்தவங்க, 1936ல கூடப்பொறந்தவரை சுட்டுக் கொன்னதும் குடும்பத்தலைவர் கார்ப் லைக்கோவ் பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்களோட காட்டுக்குள்ள போயிட்டாரு, அங்கயே இன்னும் ரெண்டு பொறந்துச்சு. 1978ல ஜியாலஜிஸ்டுங்க ஹெலிகாப்டர்ல இருந்து தோட்டத்த பாத்து போனாங்க, ரெண்டாம் உலகப்போர் நடந்ததே அவங்களுக்கு தெரியல! வந்தவங்க கிட்ட மொதல்ல வாங்கிக்கிட்டது உப்பு மட்டும்தான்.

மாம்பலம்மாமி: உப்பில்லாமலா? ஒரு நாள் ரசத்துல குறைஞ்சாலே எங்காத்துல முகத்தை தூக்கி வெச்சுப்பா.

தயிர்சாதம்: அது பரவால்ல மாமி, 1961 ஜூன்ல பனி கொட்டி பயிரெல்லாம் போச்சு, செருப்புத் தோலையும் மரப்பட்டையையும் தின்னாங்க, பிள்ளைங்க சாப்பிடட்டும்னு அந்தம்மா பட்டினி கெடந்தே செத்துட்டாங்க. அடுத்து ஒரே ஒரு ரை பயிர், கோதுமை மாதிரி ஒரு தானியம் அது, தானா முளைச்சுது, ராத்திரி பகலா எலி அணில் வராம காவல் காத்து 18 தானிய மணிங்க எடுத்து அதுலேந்து மறுபடி விதைச்சாங்க.

சைதைக்காரன்: 1981ல நாலு பிள்ளைங்கள்ல மூணு பேரு அடுத்தடுத்து செத்துப்போயிட்டாங்க, ஹெலிகாப்டர் வரவழைக்கிறோம்னு சொல்லியும் அதுல ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு போக மாட்டேன்னுட்டாரு. கடைசிப் பொண்ணு அகாஃபியா அப்பா 1988ல செத்தப்புறமும் அங்கயேதான். நீ மொதல்ல கொல்லிமலைல ஒரு வாரம் நெட் இல்லாம இரு தல, அப்புறம் சைபீரியா பேசலாம்.